இரண்டு வரிக் கடிதம்

இந்த இடத்தில் ஆள் இல்லைத்தானே? நன்றி. பையை மடியில் தூக்கி வைக்க வேண்டாம், நான் மெலிந்த ஆள், பாதி இருக்கை போதும். தமிழர் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பார்க்கிறீர்களா? பைக்குள்ளிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது. வெள்ளைக்காரன் முருங்கைக்காயோடு பஸ்ஸில் போவானா?

என் பெயர் அருளம்பலம். தோழர் அருளம்பலம் என்றால் இந்த லண்டனில் பழைய ஆட்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை, இந்தக் காலத்தில் யாருக்கு யாரைத் தெரிகிறது. என் பேச்சு கொஞ்சம் மேடைப் பேச்சுப் போல இருக்கும், குறை நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மிச்சம் எல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ மெஷினில் உருட்டி, கை எல்லாம் மை. என் இங்கிலீசும் அங்கே படித்ததுதான். கடையில் உள்ளி என்ன விலை என்று கேட்க வராது. ஏகாதிபத்தியம் என்று சொல்ல வரும்.

எங்கே இறங்குகிறீர்கள்? அப்படியானால் தூரம் இருக்கிறது. ஒரு விஷயம் சொல்கிறேன், நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்களிடம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டையின் பக்கம் போய்விட்டார்கள்.

தவசீலன் என்று ஒரு பொடியன். பொடியன் என்றால் நாற்பது வயது வரும். முல்லைத்தீவுப் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். முதுகில் சூடு போட்ட தழும்பு இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிக் கதைக்க மாட்டான். இங்கே வந்து அகதி மனுப் போட்டான். மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு போட்டான், அதுவும் மறுப்பு. மறுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? உங்களிடம் பாஸ்போட் இருக்கும், தெரிந்திருக்காது. இருபத்தொரு நாளில் அறையை விட வேண்டும். சாப்பாட்டுக்குக் கொடுத்த அட்டை செத்துவிடும். வேலை செய்யக் கூடாது. வாடகைக்கு இடம் கொடுத்தால் கொடுத்தவனுக்குத் தண்டம். ஊருக்குத் திரும்பலாமென்றால் அங்கே பிடிக்கக் காத்திருக்கிறார்கள். ஒரு மனிதனை எல்லாக் கதவாலும் வெளியே தள்ளிவிட்டு, வெளியே நிற்கவும் கூடாது என்கிற சட்டம் இது. நான் பிரசுரத்தில் எழுதிய வரி. நல்ல வரி, இல்லையா? பலரும் சொன்னார்கள்.

புதன்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் இப்படி மறுக்கப்பட்டவர்களுக்குச் சூப்பும் தகரச் சாமான்களும் கொடுப்பார்கள். பிச்சை போடுகிற அரசியல் எனக்குப் பிடிக்காது. பிரசுரம் கொடுக்கப் போவேன், அவ்வளவுதான். எல்லாரும் போன பிறகு ஒருவன் தனியாய் நின்று கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கை தம்பி தங்கிறாய்?"

"லைப்ரரி பூட்டுமட்டும் லைப்ரரியில ஐயா."

"பூட்டின பிறகு?"

"பிறகு பாப்பம் ஐயா."

அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யோசிக்கவே இல்லை. நீங்கள் செய்திருப்பீர்களா? சும்மா கேட்டேன், பதில் சொல்ல வேண்டாம்.

ஐந்து மாதம் என் வீட்டுச் சோபாச் செற்றியில் படுத்தான். தோழர் என்று கூப்பிடு என்றேன். ஒரே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வெட்கத்தில் சிரித்துவிட்டான். பிறகு ஐயாதான். வீட்டைக் கண்ணாடி போல வைத்திருந்தான். மீன் வாங்கிக் கொடுத்தால் அவன் வைக்கிற புளிக்குழம்புக்கு நான் இரண்டு கோப்பை சோறு தின்பேன். இரண்டாவது தேத்தண்ணி வேண்டுமென்று ஒருநாள் அவன் வாயால் கேட்டதில்லை. என் பழைய போராட்டக் கதைகளை எல்லாம் கேட்பான். சும்மா தலையாட்டுகிற கேட்பு இல்லை, சரியான இடத்தில் "பிறகு என்ன நடந்தது ஐயா?" என்பான். இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம் இருக்கிறேன், அப்படிக் கேட்ட ஆள் அவன் ஒருவன்தான். எங்கே, நீங்கள் ஜன்னலைப் பார்க்கிறீர்கள். பாருங்கள் பாருங்கள், காது இந்தப் பக்கம் இருந்தால் போதும்.

நான் இருப்பது கவுன்சிலின் முதியோர் குடியிருப்பு. ஒரு படுக்கையறை. வார்டன் ஒருத்தி இருக்கிறாள், நல்ல மனுஷிதான், ஆனால் சட்டம் சட்டமென்று நிற்கிறவள். விருந்தாளி பதினாலு நாளுக்கு மேல் தங்கக் கூடாதாம். பக்கத்து வீட்டுக் கிழவன் மீன் மணக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். வார்டன் கடிதம் கொண்டுவந்து தந்தாள்: முப்பதாம் திகதிக்குள் அந்த ஆள் போக வேண்டும், இல்லாவிட்டால் என் வீடும் போகும். நான் அதைக் கிழித்துப் போட்டேன். மிரட்டல் கடிதங்களை வைத்திருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது அந்தப் பெட்டை வருகிறாள். நிரோஷா. முப்பது வயது, இங்கேயே பிறந்தது, ஒரு வக்கீல் கந்தோரில் வேலை, புதன்கிழமைகளில் மண்டபத்தில் உதவி. கெட்டிக்காரி, இல்லையென்று சொல்லவில்லை. தவசீலனின் தழும்புகளுக்கு ஒரு டொக்டரைப் பிடித்து அறிக்கை எடுத்து, புதிய சாட்சியம் என்று மனுவை மறுபடி போட்டுவிட்டாள். அந்த மனு முடியும்வரை அவனுக்கு ஒரு அறையும் சாப்பாட்டு அட்டையும் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. தனக்கு ஒதுங்க இடமில்லை, வைத்திருக்க ஒருவருமில்லை என்று அவன் நிரூபிக்க வேண்டும். இதுவரை வைத்திருந்தவர் இனி முடியாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

வைத்திருந்தவர் யார்? நான்.

தானே ரைப் பண்ணிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"அங்கிள், ரெண்டு வரிதான். 'இவரை அஞ்சு மாசம் வச்சிருந்தன். முப்பதாம் திகதிக்குப் பிறகு வச்சிருக்க ஏலாது.' கீழ சைன் பண்ணுங்கோ. வார்டன்ட லெட்டரையும் தாங்கோ, சேத்து அனுப்புவம்."

"லெட்டரைக் கிழிச்சிட்டன்."

"கிழிச்சிட்டீங்களா? சரி, விடுங்கோ. சைன் பண்ணுங்கோ."

"வச்சிருக்க ஏலாது எண்டு நான் எழுதிறதோ?"

"உண்மை அதுதானே அங்கிள்."

"பிள்ளை, ஒரு தோழனை நடுத்தெருவில விடுறன் எண்டு என்ர கையால எழுதி, கீழ என்ர பேரைப் போடச் சொல்லுறீர்."

"அங்கிள், அவங்களுக்கு ஒரு பேப்பர் வேணும். இது பேச்சுப் போட்டி இல்லை."

பேச்சுப் போட்டி! பார்த்தீர்களா வாயை?

அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். ஊரில் நான் பஸ் கொண்டக்டராய் இருந்தவன். எங்கள் டிப்போவில் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம். அறுபத்துமூன்று பேரை நிறுத்தினார்கள். பிறகு ஒரு கடதாசி அடித்துக் கொண்டுவந்தார்கள். அதுவும் இரண்டு வரிதான். செய்தது பிழை, இனிச் செய்யமாட்டேன். கையெழுத்து வைத்தால் வேலை. அறுபத்திரண்டு பேர் வைத்தார்கள். ஒருவன் வைக்கவில்லை. என் மனைவி பேனையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மூன்று நாள் அந்தப் பேனை அப்படியே கிடந்தது. அவள் கதை வேறு, அதை விடுங்கள். அந்த அறுபத்திரண்டு பேரின் பிள்ளைகளும் இன்றைக்கு எஞ்சினியர், எக்கவுண்டன். என்னிடம் இருப்பது பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரைக் கொண்டுபோய் இந்த இரண்டு வரிக்குக் கீழே போடுவதா?

அவளுடைய கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே எழுதினேன். நாலு பக்கம். மூன்று நாள் எடுத்தது. எங்கள் மக்களின் வரலாறு, கடல், யுத்தம், இந்த நாட்டு அரசு எங்கள் நாட்டில் செய்தது, எல்லாம் ஒழுங்காய். அவளிடம் காட்டவில்லை. காட்டினால் வெட்டுவாள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். தவசீலன் தபால் கந்தோருக்குக் கூட வந்தான்.

"என்ன எழுதியிருக்கு ஐயா?"

கடைசி வசனத்தைத் தமிழில் சொன்னேன். 'எங்களிடம் மூச்சு இருக்கும்வரை எங்கள் தோழன் ஒருவன்கூட வீதியில் படுக்கமாட்டான்.'

பொடியனின் கண் கலங்கிவிட்டது. எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன், ஒரு வசனம் இப்படி ஒருவனுக்குள் இறங்கி நான் பார்த்ததில்லை. நிரோஷா என்ன சொல்கிறாள் தெரியுமா? அவனுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டதாம், அதனால்தான் கண் கலங்கியதாம். விளங்கியிருந்தால் சொல்லியிருக்கலாமே? வாயில்லையா? கடிதம் அப்போதும் என் கையில்தானே இருந்தது?

பதினோராம் நாள் பதில் வந்தது. அறை இல்லை, அட்டை இல்லை. மனுதாரருக்கு ஆதரவு இருக்கிறது, அவர் வீதியில் விடப்படமாட்டார் என்று அவரைப் பராமரிப்பவரே உறுதி கூறியிருக்கிறார். பார்க்க, கடிதம், பக்கம் நாலு. என் வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு சொல் மாற்றவில்லை. அந்த நாய்களுக்கும் நல்ல வசனம் எது என்று தெரிந்திருக்கிறது.

நிரோஷா மண்டபத்தில் தகரங்களுக்கு நடுவில் அதை விரித்து வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எந்த மூச்சு அங்கிள்? எந்த வீட்டில?"

"நான் உண்மை எழுதினன்."

"முப்பதாம் திகதி அவர் எங்க படுப்பார்? அதைச் சொல்லுங்கோ, நான் போறன்."

"போராடுவம்."

"படுக்கிறது எங்க எண்டு கேட்டன் அங்கிள்."

சூப் வாளிக்குப் பக்கத்தில் தவசீலன் நின்றான். "அக்கா, ஐயாவை ஏசாதேங்கோ" என்றான். பத்து வயது இளையவள் என்றாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எழுதி வையுங்கள், அவனே சொன்னான்.

மேன்முறையீடு போட்டாள். அதுவும் அவள்தான். ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் சின்ன அறை. நீதிபதி ஒரு பெண், மரியாதையானவள். தவசீலனுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் சாட்சி. கோட் போட்டிருந்தேன். போவதற்கு முதல் நிரோஷா படிக்கட்டில் வைத்து என் கையைப் பிடித்தாள். "அங்கிள், அவ ஒரே ஒரு கேள்விதான் கேப்பா. 'இல்லை' எண்டு ஒரு சொல். பிளீஸ்." பிடித்த கையை விடவே இல்லை. எனக்குப் பாவமாய் இருந்தது. இந்த வயதில் இவ்வளவு பயம் கூடாது.

நீதிபதி என் வசனத்தை வாசித்தாள். அவள் வாயில் அது இன்னும் நன்றாய் இருந்தது. வாசித்துவிட்டுக் கேட்டாள், முப்பதாம் திகதிக்குப் பிறகு இவர் உங்கள் வீட்டில் தங்க முடியுமா?

நான் எழுந்து நின்றேன். இருந்தபடி சொல்லலாம் என்றாள். நான் நின்றுதான் பேசுவேன் என்றேன்.

இருபது நிமிடம் பேசினேன். நான் பேசிய பேச்சுகளில் முதல் ஐந்துக்குள் வரும். மொழிபெயர்ப்பாளர் மூன்றாவது நிமிடத்தோடு நிறுத்திவிட்டார், அவருக்கு ஏலவில்லை. தவசீலன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி பொறுமையாய் எல்லாம் எழுதினாள். முடிந்ததும் மறுபடி அதே கேள்வி. அப்படியானால், இவருக்குப் படுக்க இடம் இருக்கிறது என்கிறீர்களா?

பாருங்கள், அது கேள்வி இல்லை, பொறி. இல்லை என்றால் என்ன அர்த்தம்? நாலு பக்கமும் பொய் என்று அர்த்தம். அருளம்பலம் அரசாங்கத்தின் மேசைக்கு முன்னால் நின்று சொன்ன சொல்லை விழுங்கினான் என்று அர்த்தம். அறுபத்திரண்டு பேரும் அங்கே பின்வரிசையில் இருந்து பார்ப்பது போல எனக்கு இருந்தது.

"யெஸ்" என்றேன். "நான் உயிரோடு இருக்கும்வரை."

நன்றி என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டாள்.

வெளியே வந்தோம். நிரோஷா எங்களோடு நிற்காமல் விறுவிறென்று போய்விட்டாள். தவசீலன் எனக்குக் கோட்டின் கொலரைச் சரிசெய்துவிட்டான்.

"நல்லாக் கதைச்சீங்கள் ஐயா" என்றான்.

இருபத்தொன்பதாம் திகதி போய்விட்டான். ஒரு நாள் முந்தியே. நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், எழும்பினால் ஆள் இல்லை. போர்வை நாலாய் மடித்துச் செற்றியில். நான் கொடுத்த வீட்டுத் திறப்பு பிரிட்ஜுக்கு மேல். அடுப்பில் இரண்டு நாளுக்குக் காணக்கூடிய குழம்பு. நான் போகச் சொல்லவில்லை. இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன், கோயிலில் எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும். நான் போகச் சொல்லவில்லை. அவனாய்த்தான் போனான். முப்பதாம் திகதி வார்டன் வந்து பார்த்தாள், ஆள் இல்லை என்றதும் கை குலுக்கினாள். என் வாழ்க்கையில் ஒரு அதிகாரி என் கையைக் குலுக்கியது அது முதல்தடவை.

நிரோஷா ரெலிபோன் எடுத்தாள். இன்னும் வழி இருக்கிறதாம். இப்போது அவன் உண்மையிலேயே வெளியே நிற்கிறான், மறுபடி அறை கேட்கலாம். நான் அதே இரண்டு வரியில் திகதியைப் போட்டு, அவர் போய்விட்டார், இனி வைத்திருக்க முடியாது என்று கையெழுத்து வைத்தால் போதும்.

"அப்ப நான் அந்த நீதிபதிக்கு முன்னால சொன்னது?"

"அங்கிள், அதை ஆர் ஞாபகம் வச்சிருக்கப் போகினம்?"

ரெலிபோனை வைத்துவிட்டேன். அவள் எத்தனையோ சொன்னாள், பேச்சுப் போட்டி என்றாள், எல்லாம் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம். குளிர் வந்துவிட்டது. மண்டபத்துக்குப் போகிற சங்கத்து ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் கண்டதாய் ஒருவர், உடுப்புத் தோய்க்கிற ஒரு லோன்றிக்குள் கண்டதாய் ஒருவர். நிரோஷா தன் கைக்காசில் அவனுக்கு வாரப் பாஸ் எடுத்துக் கொடுக்கிறாளாம். பஸ்ஸுக்குள் சூடு இருக்கிறது, எழுப்பிவிட மாட்டார்கள். இருமலாம். நான் சும்மா இருக்கவில்லை. அவனைப் பற்றி ஒரு பிரசுரம் எழுதினேன். ஆயிரம் பிரதி.

போன வியாழக்கிழமை இதே பஸ்ஸில் ஏறினேன். பின்னேரம் மூன்று மணி, பள்ளிக்கூடம் விட்ட நேரம், நிற்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறேன். "ஐயா, இருங்கோ" என்று யாரோ எழும்பினார்கள்.

தவசீலன். தாடி வைத்திருந்தான். ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட். கன்னம் ஒட்டி, முகத்தில் ஒரு சாம்பல் நிறம். ஒரு மனிதனுக்கு ஆறு வாரத்தில் இவ்வளவு வயது போகலாம் என்று எனக்குத் தெரியாது.

"எப்பிடி இருக்கிறாய்?"

"இருக்கிறன் ஐயா."

"சாப்பிட்டியோ?"

"ஓம் ஐயா. நீங்கள் பிறஷர் குளிசை போடுறியளோ?"

அப்படிக் கேட்டான். போடுகிறேன் என்றேன். பிறகு உள் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு பொலித்தீன் உறையை எடுத்தான். அதற்குள் மடித்த ஒரு கடதாசி. இரண்டு வரி. மூலை ஈரத்தில் ஊறிக் காய்ந்திருந்தது. எத்தனை நாளாய் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தானோ. பேனையும் வைத்திருந்தான். மூடியைக் கழற்றி, என் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

"ஐயா, அக்கா தந்தவ. உங்களைக் கண்டால் கேக்கச் சொன்னவ. ஐயாவுக்குக் கஷ்டம் எண்டால் வேண்டாம்."

அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

நான் என்ன செய்ய? சனம் நெருக்கம். பஸ் குலுங்குகிறது.

"கண்ணாடி கொண்டு வரேல்லையடா தம்பி" என்றேன். "வாசிச்சுப் பாக்காமல் நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கிறேல்லை. உனக்குத் தெரியும்தானே."

கண்ணாடி சட்டைப் பைக்குள்தான் இருந்தது. அது கூட்டத்தில் வாசிப்பதற்கு. அதன் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அவன் முதலே கவனித்திருக்க வேண்டும். என் சட்டைப் பையைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"சரி ஐயா."

பேனைக்கு மூடியைப் போட்டான். கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தான். அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டான். இருமிக்கொண்டே இறங்கினான்.

நானும் இறங்கியிருக்கலாம் என்று நிரோஷா சொல்வாள். மூன்றரைக்குக் கூட்டம். நான்தான் முதல் பேச்சாளர். எல்லாம் இவனைப் போல மறுக்கப்பட்டவர்களுக்காகத்தான். பெயர் சொல்லாமல் இவன் கதையைத்தான் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் அழுதார்கள்.

அவன் எழும்பித் தந்த இருக்கை நல்ல சூடாய் இருந்தது. விடியலிலிருந்தே அதில் இருந்திருக்கிறான் போல. நான் இறங்கும்வரை அது ஆறவில்லை.